ஒரு பாட்டுக்கு இடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் குச்சியும் வாயுமாகத் தோட்டத்துப் பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் கொய்யா மரத்தில் சிடி காய்த்திருந்தது. கிளிகள் பிஞ்சைக்கூட விட்டுவைப்பதில்லை என்று மனைவி பரண்மேலிருந்த பழைய சிடி பையை இறக்கி, ஒவ்வொன்றின் ஓட்டையிலும் நூல் கோத்துக் கட்டிவிட்டிருக்கிறாள். கட்டிப் பத்து நாளாகிறதாம். வீட்டில் நடப்பதை நான் கவனிக்கும் லட்சணம் அவ்வளவுதான்.

வெயிலில் அவை பளிச் பளிச்சென்று சுழன்றுகொண்டிருந்தன. நடுவிலேயே ஒரு கிளி உட்கார்ந்து, எதையும் சட்டை செய்யாமல் கொய்யா தின்றுகொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்தேன். ‘பஸ் – மார்ச்’. ‘பஸ் – ஏப்ரல்’. ‘சோகம் மிக்ஸ்’. எல்லாம் என் கையெழுத்து. அடுத்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றுபோனது. சிவப்பு மார்க்கரில் ‘கல்பனா – 1 பாட்டு’ என்று எழுதியிருந்தது.

உங்களுக்குச் சொல்வதற்கென்ன. ஆனால் பஸ்ஸிலிருந்து தொடங்க வேண்டும்.

டிப்ளமோ முடித்து, கும்மிடிப்பூண்டியில் பேரிங் வளையங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். மணவாள நகரில் கம்பெனி பஸ் ஏறினால் திருவள்ளூர், பெரியபாளையம், கவரைப்பேட்டை என்று ஒன்றரை மணி நேரம். அதுவரை இழுத்து இழுத்துப் பாடும் கேசட்டுகளோடு காலம் தள்ளிய எங்கள் டிரைவர் அண்ணன், எம்.பி.த்ரீ பாடும் சிடி பிளேயர் ஒன்றைப் பொருத்தினார். ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு என்றால் அன்றைக்கு அது சாதாரண விஷயமா? பஸ்ஸில் வருபவர்களில் சிடி எழுதும் ரைட்டர் வைத்த கம்ப்யூட்டர் இருந்தது என் வீட்டில் மட்டும்தான். ஒரே வாரத்தில் நான் பெரிய மனுஷனாகிவிட்டேன். முன்சீட்டு மேனேஜர்கூட ஒரு துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்து ‘கொஞ்சம் பாருங்க’ என்பார். வேறு எதற்கும் அவர் என்னைப் பார்த்ததில்லை.

மாதத்துக்கு ஒரு சிடி; பழையது என்னிடமே திரும்பி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரில் பாட்டுகளைச் சேர்த்து அதை எழுதுவேன். எழுதி முடிக்கும்வரை வீட்டில் யாரும் மிக்ஸி போடக் கூடாது, கம்ப்யூட்டர் மேஜைப் பக்கம் வரக் கூடாது. நடுவில் கரண்ட் போனால் தட்டு வீண். அப்படி வீணான தட்டுகளின்மேல்தான் எங்கள் வீட்டில் காபி டம்ளர் வைப்பார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்து டிரே வெளியே வரும்போது சூடான பிளாஸ்டிக் வாசனை ஒன்று வரும். அதன்மேல் மார்க்கரால் மாதத்தின் பெயரை எழுதுவேன். மார்க்கர் கம்பெனியில் சுட்டது. கழித்துப்போட்ட வளையங்களில் கோடு போடும் சிவப்பு மார்க்கர்.

அந்த மார்க்கர் வாசனை வந்தாலே எனக்கு செல்வி அக்கா நினைவுதான். பெரியபாளையத்தில் ஏறுவார். காண்ட்ராக்ட் பெண்கள் கடைசி மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் அங்கேதான் உட்கார்வார்கள். என் மேஜையில் வளையங்களைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது அவர் வேலை. வளையத்தை விரல் நுனியில் விளிம்போடு எடுத்து, டியூப்லைட்டுக்குக் கீழே ஒரே ஒரு தடவை சாய்ப்பார். மயிரிழைக் கீறலோ, நிறத்தில் ஒரு சின்ன மாற்றமோ இருந்தால் சிவப்புக் கோடு விழும். டிரே முடிந்ததும் “ஓகே தம்பி” என்பார். நான் ஒரு வளையத்தைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் தாளில் கையெழுத்துப் போடுவேன். அவர் ஓகே சொன்னது ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. எனக்கு வேலை நிரந்தரமானதில் பாதி அவருடைய கண்ணால்தான்.

ஒருநாள் மதியம் அவர் முந்தானையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார்.

“தம்பி, எம் பொண்ணு பாடனது. டீச்சரம்மா பாட்டு எய்திக் குடுத்து, திருவள்ளூர்ல ஸ்டூடியோவுக்கு இட்டுக்கினு போயி எடுத்தாங்கோ. ஒண்ணுதான் குடுத்தாங்கோ. உன் சிடியில இத்தயும் சேத்துடேன்.”

“பஸ்ல போடறதுக்காக்கா?”

“ஆமா. பிளஸ் டூ முடிச்சா அவளும் இதே பஸ்லதான் வரப்போறா, பேக்கிங் வேலைக்கி. காண்ட்ராக்ட் பொண்ணுன்னு பாக்கறதுக்கு முன்னாடி, பாடற பொண்ணுன்னு நாலு பேருக்குத் தெரியட்டுமே.”

பேர் எதுவும் எழுதாத தட்டு. கலந்துவிடாமல் இருக்கப் பெண்ணின் பேரைக் கேட்டு, அதன்மேல் நானே சிவப்பு மார்க்கரில் ‘கல்பனா – 1 பாட்டு’ என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். பின்னால் ஒரு கீபோர்டு டொக் டொக்கென்று தாளம் போட, ஏரி நிரம்புவதைப் பற்றி ஒரு பாட்டு. பாட்டு மோசமாக இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேட்கக் கேட்க என் காதில் வேறொன்று ஓடியது. மெயின்டனன்ஸ் பையன்கள் “இன்னா மச்சி, ஸ்கூல் ஆண்டு விழாவா?” என்று விசிலடிப்பது. மூன்றாவது வரிசையில் உட்காரும் அக்கவுன்ட்ஸ் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பது. முதல் சரணத்திலேயே நிறுத்திவிட்டேன்.

மறுநாள் செல்வி அக்கா கேட்டபோது, “இடமே இல்லக்கா, டிஸ்க் ஃபுல்லு. அடுத்த மாசம் போட்டுடலாம்” என்றேன்.

“அதுக்கு இன்னா தம்பி, மெதுவா போடு.”

அந்த மாதத் தட்டில் மூன்றில் ஒரு பங்கு காலி. அதோடு, அக்கவுன்ட்ஸ் பெண் ஒருமுறை முணுமுணுத்த பாட்டை மூன்று இடத்தில் போட்டிருந்தேன். அவள் அதைக் கவனித்தாளா என்பது இன்றுவரை தெரியாது. அடுத்த மாதமும் டிஸ்க் ஃபுல். அதற்கடுத்த மாதமும்.

அந்த மூன்றாவது மாதம்தான் மாட்டிக்கொண்டேன். டிரைவர் அண்ணனிடம் சாயங்காலம் கொடுப்பதற்காகப் புதுத் தட்டைப் பரிசோதனை மேஜையில் வைத்திருந்தேன். வளையம் வளையமாக எடுத்துவந்த செல்வி அக்காவின் கை, பழக்க தோஷத்தில் அதையும் விளிம்போடு எடுத்தது. டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு தடவை சாய்த்தார். கை நின்றுவிட்டது.

உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ தெரியாது. எழுதிய இடமும் எழுதாத இடமும் அந்தத் தட்டின் அடிப்பக்கத்தில் வேறு வேறு நிறமாக இருக்கும். உள்ளிருந்து வெளியே, எழுதிய தூரம்வரை சற்றுக் கறுத்துத் தெரியும்.

“தம்பி, எம் பொண்ணோடதுல நடுவாண்ட நூலாட்டம் கொஞ்சூண்டு கலர் மாறிக்கினு இருக்கும். ஒரு பாட்டுக்கு அம்மாந்தூரந்தான். இதுல இம்மாந்தூரம் வந்து நின்னுடுச்சே. இதுக்கு அப்பால இன்னா கீது?”

“அது… ஓரத்துல எழுத வராதுக்கா.”

அவர் தட்டை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வளையத்தைப் பார்க்கும் நேரம்தான் பார்த்திருப்பார். “சரி” என்று தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வளையத்தை எடுத்தார். டிரே முடிந்தது. வழக்கம்போல ஓகே வரும் என்று பேனாவைத் திறந்தேன். அவர் டிரேவை என் பக்கம் நகர்த்தினார்.

“நீங்களே ஒரு வாட்டி பாத்துட்டு கையெழுத்து போடுங்க சார்.”

அவருக்கு நாற்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவே இல்லை. தினமும் டிரே வரும், தினமும் அதே வாக்கியம் வரும். நான் வளையங்களை எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது. பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். அப்போதே “தப்புதான்க்கா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சிடியைத் திருப்பிக் கொடுக்கப் போனால் பேச வேண்டியிருக்கும் என்று அதையும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் கண்டிப்பாகப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் கல்பனா பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஒல்லியாக, ரெட்டைப் பின்னலை அப்போதுதான் ஒற்றையாக்கிய பெண். கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம். நாலைந்து நாள் கழித்துக் கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்றவள், என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்.

“சார், நீங்கதானே பஸ்ஸுக்கு சிடி போடறது? எம் பாட்ட போட்டீங்களாமே! பஸ்ஸே கம்முனு கேட்டுச்சின்னு அம்மா சொன்னாங்க. மெய்யாலுமா சார்?”

அவளுக்குப் பின்னால் செல்வி அக்கா நின்றிருந்தார். ஒரு நாளும் ஒரு கீறல் வளையத்தை ஓகே சொல்லாத மனுஷி. அவர் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாம்மா. எல்லாரும் கேட்டாங்க. நல்லா இருந்துச்சின்னாங்க” என்றேன்.

அந்தப் பாட்டை அதன்பிறகு எப்படிப் போடுவது? போட்டால் பஸ் முழுக்க “யார் பாட்டு இது?” என்று கேட்கும். அம்மா சொன்னது பொய் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துபோகும். என்னால் அவர் சொல்ல நேர்ந்த பொய். அந்த வருடமே வேறு கம்பெனிக்கு மாறினேன். தட்டும் என்னோடு வந்தது. வெட்கமாக இருந்ததால் தூக்கிப் போடவும் இல்லை, எடுத்துப் பார்க்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலை அறுத்து அதை எடுத்துக்கொண்டு திருவள்ளூர் முழுக்கச் சுற்றினேன். சிடி போட இப்போது யாரிடமும் இடமில்லை. பிரவுசிங் சென்டர்கள் மொபைல் கடைகளாகிவிட்டன. கார்களில்கூட அந்த வாய் கிடையாது. கம்பெனி பஸ்ஸில் ஆளுக்கொரு இயர்போன் மாட்டி, ஆளுக்கொரு பாட்டு. கடைசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. தட்டு உள்ளே போய் மூன்று தடவை உறுமிவிட்டு வெளியே வந்தது.

“இதுல ஒண்ணுமே இல்லியே சார்” என்றார் கடைக்காரர்.

வாங்கி, அவருடைய டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். பத்து நாள் வெயிலில் நிறமெல்லாம் வெளுத்துவிட்டது. நடுவில் நூல் மாதிரி ஒரு கோடு இருக்கிறதா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. செல்வி அக்காவாக இருந்தால் சொல்லியிருப்பார். பஸ் முழுக்கக் கேட்டிருக்க வேண்டிய அந்தப் பாட்டை, அம்மாவையும் பெண்ணையும் விட்டால், அந்தப் பஸ்ஸில் வந்தவர்களில் கேட்ட ஒரே ஆள் நான்தான். நானும் பாதியில் நிறுத்திவிட்டேன்.