கண்ணாடி அறைக்குள் மருமகன்

முப்பது வருஷம் மில்லில் தறி ஓட்டியவள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டசைவைப் பார்த்தே ஊர்க்கதை பேசுவார்கள். மேஸ்திரியைத் திட்டுவதும் அப்படித்தான், அவர் முதுகுக்குப் பின்னாலேயே.

மில்லை மூடினார்கள். தறிகள் பழைய இரும்புக்குப் போயின. அதே கட்டடத்தில் ஏசி போட்டு, எங்கோ நெய்த துணியைக் கொண்டுவந்து விற்றார்கள். வெட்கங்கெட்ட ஊர், வரிசையில் நின்று வாங்கியது. அங்கே மேனேஜராக இருந்த மருமகன் அவளுக்குத் தரை துடைக்கும் வேலை போட்டுக் கொடுத்தான். "கடையில மட்டும் என்னை சார்னு கூப்பிடுங்க அத்தை."

நேற்று முதலாளி வந்தார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவளைக் காட்டி, "யாரு அது, இவ்வளவு வயசுல?" என்றார்.

மருமகனின் உதடுகள் அசைந்தன. "யாருன்னே தெரியாது சார். இன்னிக்கே அனுப்பிடறேன்."

வெளியே சத்தமே வரவில்லை. அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "உங்களுக்காக எவ்வளவோ பேசினேன் அத்தை. அவர் கேக்கல."

அவள் ஈரத் துடைப்பானை அவன் கையில் கொடுத்தாள்.

"பேசினதை ஒரு வார்த்தை விடாம பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், சார்."