ஜூட்சனின் படையும் நெரை பிடித்த தேயிலையும்

ஜூட்சன் கவ்வாத்து வெட்டினால் அந்தத் தேயிலைச் செடியின் தலையில் கேரம் போர்டை வைத்து ஆடலாம். ஒரு காய் கூடச் சறுக்காது. இதைச் சொன்னது வேறு யாருமில்லை, ஜூட்சனேதான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளி, மீதியை மழையில் ஒரு வாரம் ஊறவிட்டு, பிழிந்து காயப்போட்டால் உண்மை கிடைக்கும் என்பாள் அவன் மனைவி ஷிராணி. அவள் அதே மலையில் கொழுந்து எடுப்பவள். திம்புள்ளைப் பக்கத்தில் ஒரு தோட்டம், மேல்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவர்களுடையது.

மலையில் வேலை முடிந்து வந்த மனுசன் ஒன்று தூங்குவான், இல்லையென்றால் டிவி பார்ப்பான். ஜூட்சன் படை திரட்டினான்.

அந்த வியாதியை ஒட்டவைத்தது ஷிராணியின் தம்பி ஜீவராஜ். தலவாக்கலையில் போனும் ரீலோடும் விற்கிற கம்யூனிகேஷன் கடை வைத்திருப்பவன். சாவிக்கொத்துப் பொம்மை செய்து விற்கலாமென்று, பிளாஸ்டிக்கை உருக்கி உருவம் செய்கிற சின்ன மெஷின் ஒன்றை வாங்கினான். சாவிக்கொத்து விலைபோகவில்லை. மெஷின் சும்மா கிடக்கிறதே என்று சுண்டுவிரல் உயரத்தில் சிப்பாய்களைச் செய்தான். அவர்களை மேசையில் நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி, பழைய காலத்துச் சண்டைகளை மறுபடியும் போடுகிற விளையாட்டை யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டான். 1803இல் வெள்ளைக்காரர்கள் கண்டிக்குப் படையெடுத்து வந்த சண்டைதான் அவர்கள் எடுத்துக்கொண்டது. ஜீவராஜ் வெள்ளைக்காரன். ஜூட்சன் கண்டிப் படை. போர்க்களம், சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்த பிறகு கோயில் மண்டபத்து டேபிள் டென்னிஸ் மேசை.

விளையாட்டுக்கு ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. பெயிண்ட் பூசாத சிப்பாய் மேசையில் ஏறக்கூடாது.

ஜீவராஜின் ஆட்கள் சிவப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, பளபளப்பு பட்டன் என்று கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரி வந்து நின்றார்கள். ஜூட்சனின் அறுபது பேரில் ஒருவனைத் தவிர எல்லாரும் மெஷினில் பிறந்த அதே சாம்பல் நிறத்தில், குளிக்காத கூட்டமாக வந்தார்கள். முதல் முறை திருப்பி அனுப்பப்பட்டார்கள். இரண்டாம் முறையும் அதேதான். அன்றைக்குத்தான் மானம் பொறுக்காமல் ஜூட்சன் வாயை விட்டான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம ஒருத்தன் பாக்கி இல்லாம பூசிக் கொண்டு வாறேன்டா மச்சான். இல்லாட்டி மொத்தப் படையையும் நீயே எடுத்துக்க!"

"சத்தியமா?"

"கோயில் மண்டபத்துல நின்னு பொய்யா சொல்லுவேன்?"

"நீங்க பாவசங்கீர்த்தனத்துலேயே பொய் சொல்ற ஆளு மச்சான்" என்றான் ஜீவராஜ். ஆனாலும் பேச்சைப் பிடித்துக்கொண்டான். படை கைக்கு வந்ததும் கடையின் கண்ணாடி அலுமாரியில், ஹெட்செட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைப்பானாம். ரீலோட் போடப் போகும்போதெல்லாம் ஜூட்சன் தன் ஆட்களைச் சிறையில் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

ஜூட்சன் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அவன் பூசத்தான் செய்தான். மூன்று மாதமாக ஒரே ஒருவனைப் பூசினான். அவன் தளபதி. மீசைக்கு மூன்று நிறம், இடுப்புத் துணிக்கு மடிப்பு மடிப்பாக நிழல், காலில் நகம். ஈர்க்குச்சியின் முனையைப் பல்லால் கடித்துத் தூரிகையாக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணுக்குள் வெள்ளை வைத்தான். அந்த நேரத்தில் ஷிராணி தும்மினால் குடும்பச் சண்டை.

திங்கட்கிழமை சாயங்காலம் மீதி ஆட்களைப் பார்த்தான். மீதி ஆட்களும் அவனைப் பார்த்தார்கள்.

"இந்த வேகத்துல போனா, இவங்க எல்லாம் வயசாகி சேவகாலப் பணம் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க" என்றாள் ஷிராணி, ரொட்டி தட்டிக்கொண்டே. "ஏங்க, மலையில ஒரு செடிய வச்சுக்கிட்டு காலையிலேர்ந்து வெட்டுவீங்களா? மேல நின்னு வேல வாங்குற கண்டாக்கு சும்மா விட்டுருவாரா?"

"வரிச வரிசையா நெரை புடிச்சுல்ல வெட்டுவோம்."

"அப்ப இதையும் நெரை புடிச்சு வெட்டுறது!"

ஜூட்சனின் மண்டைக்குள் பல்ப் எரிந்தது. லயத்துக்கே கரண்ட் போயிருந்த நேரம், அவன் முகத்து வெளிச்சத்திலேயே ஷிராணி ரொட்டியைப் புரட்டினாள்.

பலகை ஒன்றில் இரட்டைப்பக்க டேப்பை ஒட்டி, வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி மீதி எல்லாரையும் வரிசையாக நிறுத்தினான். ஸ்ப்ரே டின்னால் கறுப்பை ஒரே அடி. தேயிலைக்கு மருந்தடித்த கை அல்லவா, ஒருவன் அக்குளும் தப்பவில்லை. பிறகு ஷிராணியின் தேய்ந்துபோன பவுடர் பிரஷ்ஷை எடுத்தான். மண்நிறத்தைத் தொட்டு, துணியில் துடை துடை என்று துடைத்து, பெயிண்ட் இருக்கிறதா இல்லையா என்று அதற்கே சந்தேகம் வந்த பிறகு சிப்பாய்கள் மேல் வரட்டென்று இழுத்தான். தோள், மூக்கு, தொப்பை என்று மேடான இடங்களில் மட்டும் நிறம் பிடித்தது. பள்ளங்களில் கறுப்பு அப்படியே நின்றது. நிழலை யாரும் தீட்டவே வேண்டாம், அது முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அடுத்து இடுப்புத் துணிக்கு வெள்ளை. ஒருவனுக்கு வைத்ததும் அடுத்தவன், அதே பிரஷ், அதே வெள்ளை, கடைசி ஆள் வரை.

"கண்ணு வைக்கலையா?" என்றாள் ஷிராணி.

"கை நீட்டுற தூரத்துல வச்சுப் பாத்தா கண்ணு தெரியாது. ஒரு கொறையும் தெரியாது."

"கல்யாணத்துக்கு முந்தி ஒங்களையும் அந்தத் தூரத்துல வச்சுத்தானே பாத்தேன்."

புத்தம்புதுசாக வெளுத்துத் தெரிந்த வேட்டிகளுக்கு அழுக்கேற்ற வேண்டியிருந்தது. அதற்கென்று தனியாகச் சாயம் விற்கிறதாம். ஜூட்சன் தேத்தண்ணியைத் தார் மாதிரி வற்றக் காய்ச்சித் தடவினான். மடிப்புகளில் அது போய்த் தங்கியதும் ஒவ்வொருவனும் கண்டியிலிருந்து நடந்தே வந்தவன் மாதிரி ஆகிவிட்டான். ஆனால் காய்ச்சியது ஷிராணி குடிப்பதற்குச் சீனி போட்டு வைத்திருந்த தேத்தண்ணி. விடிந்து பார்த்தால் வெள்ளைக்காரனுக்கு முன்னால் எறும்புகள் படையெடுத்திருந்தன. தளபதியின் தலைமேல் ஒன்று ஏறி நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜூட்சன் எல்லாரையும் ஈரத்துணியால் ஒற்றி, சீனியில்லாமல் மறுபடி காய்ச்சிப் பூசி, அடுப்புக்கு மேலே புகையில் காயவைத்தான். அடைமழைக்காலத்தில் எங்கள் பக்கம் தானாகக் காய்கிற பொருள், தேத்தண்ணி கிடைக்காத வாய் ஒன்றுதான்.

கடைசியாகக் காலடி மண். ஒவ்வொரு சிப்பாயும் ஒட்டிநின்ற வட்டத்தில் வெள்ளைப் பசையைத் தடவி, ஆற்று மணலும் காய்ந்த தேயிலைச் சக்கையும் கலந்த தட்டில் அழுத்தி எடுத்தான். நிமிசத்தில் நிலம் தயார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவன் ஜூட்சன். பாத்திரம் கழுவுகிற பச்சை ஸ்பொஞ்சைக் கிள்ளிக் கிள்ளிச் செடி செய்தான். ஒவ்வொரு காலடியிலும் மூன்று செடி. நகம்வெட்டியால் தலையை மட்டமாகக் கத்தரித்தான். அறுபது பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நெரை வளையாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடியது. அவன் கண் கலங்கிவிட்டது. பசை வாடையாகவும் இருக்கலாம்.

ஞாயிறு பூசை முடிந்தது. சுவாமியார் ஆசீர்வாதம் கொடுத்த கை இறங்கும் முன்னே சனம் மண்டபத்துக்குள் வந்துவிட்டது. ஜீவராஜ் பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான், உள்ளே பழந்துணி விரித்து. கைதிகளைக் கொண்டுபோக.

ஜூட்சன் பலகையைத் திறந்தான். "அடேயப்பா!" என்று சத்தம் எழுந்தது. ஜீவராஜ் பிஸ்கட் பெட்டியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினான்.

நடுவர் பிரேமினி. ஜீவராஜின் மனைவி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வரலாறு டீச்சர். புருசன் பக்கம் சாய்வாள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். போன மாதம் ஒத்திகை ஆட்டத்தில் அவனையே பகடையைப் பிடித்து உருட்டியதற்காக வெளியேற்றியவள். குனிந்து பார்த்தாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

"அண்ணே, இது என்னா செடி?"

"தேயில! தெரியல?"

"நல்லாவே தெரியுது. சண்ட நடக்கிறது ஆயிரத்து எண்ணூத்தி மூணுல. தோட்டம் போட்டுத் தேயில நட்டதே அதுக்கு அறுபது வருசத்துக்குப் பொறகு."

ஜூட்சன் சன்னல் வழியாக வெளியே பார்த்தான். மலை, அதன்மேல் தேயிலை. அதற்கப்பால் மலை, அதன்மேலும் தேயிலை. இது இல்லாமல் மலை என்று ஒன்று எப்படி இருந்திருக்கும்? துணியில்லாமல் நின்றதா?

"அப்ப கோப்பின்னு வச்சுக்குவோம்" என்றான்.

"கோப்பித் தோட்டமும் பொறகுதான்."

"கிறிஸ்மஸ் குடிலுக்கு நாந்தானே வருசாவருசம் தேயில வைக்கிறேன்? பெத்லகேமுல வச்சதுக்கே குழந்த இயேசு ஒண்ணும் சொல்லல!"

"அவரு பச்சப்புள்ள மச்சான், பேச்சு வராது" என்ற ஜீவராஜ் பெட்டியை மறுபடி வெளியே இழுத்தான். "காலத்துக்கு ஒவ்வாத படை. சட்டப்படி பூசாத மாதிரிதான். இல்லையா பிரேமினி?"

"அவசரப்படாதீங்க" என்றாள் பிரேமினி. "செடி மட்டும்னா விட்டிருப்பேன் அண்ணே, காடுன்னு நெனச்சுக்கலாம். நீங்க நெரை புடிச்சு, கவ்வாத்தும் வெட்டியிருக்கீங்க. மொதப் பகட உருள்றதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துட்டா ஒத்துக்குறேன். மதியச் சாப்பாட்டு மணி அடிச்சா மண்டபத்தப் பூட்டிருவாங்க, அதையும் சொல்லிட்டேன்."

ஜூட்சன் ஒரு சிப்பாயைத் தூக்கி, செடியைப் பிடித்து இழுத்தான். செடி வந்தது. கூடவே மணலும் வந்தது, சிப்பாயின் இடது காலும் வந்தது. கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கை அது. அதனிடம் மெதுவாகச் செய் என்றால் கோபம் வரும். இன்னொருவனை எடுத்தான். அவனுக்கு இடுப்போடு போனது. ஜீவராஜ் பெட்டிக்குள் துணியை நீவிவிட்டான்.

"தள்ளுங்க" என்றாள் ஷிராணி.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள். பிறகு நடந்ததை மண்டபத்திலிருந்த யாரும் சரியாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் அது கண்ணுக்கு அகப்படவில்லை. இரண்டு கையும் ஒரே நேரத்தில் இறங்கின. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நுள்ளி நுள்ளி நகர்ந்தன. சிப்பாய்கள் அசையவே இல்லை. உள்ளங்கை நிறைந்ததும் அவளை அறியாமல் கை தோளுக்கு மேலே போய், முதுகுக் கூடைக்குள் போடுகிற மாதிரி பின்னால் வீசியது. பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற நல்லமுத்தின் முகத்தில் தேயிலை மழை. மழையே இரண்டு சொட்டு நின்று பார்த்துவிட்டுப் போனது என்று ஜூட்சன் பிற்பாடு சொன்னான்.

"அக்கா, நீ யாரு பக்கம்?" என்று கத்தினான் ஜீவராஜ்.

"கொழுந்து எடுக்கையில பேச்சுக் குடுக்காத."

செடி போன இடங்களில் மொட்டையாகப் பசை தெரிந்தது. மண்டபத்துத் தேத்தண்ணி வாளியின் அடியிலிருந்த சக்கையைப் பிழிந்து தூவினாள். காடு ஆகிவிட்டது.

பிரேமினி ஒவ்வொரு காலடியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தளபதியிடம் நின்றாள். அவன் காலடியில் ஒரே ஒரு செடி மிச்சமிருந்தது.

"அண்ணி, ஒண்ண விட்டுட்டீங்க."

"விடல. வச்சேன்" என்றாள் ஷிராணி. "மூணு மாசமா அந்த ஆளு மூச்சப் புடிச்சுப் பூசினது. ஒத்தச் செடி எப்பிடி நெரையாகும்? அது காட்டுச் செடி."

பிரேமினி புருசனைப் பார்த்தாள். தளபதியைப் பார்த்தாள். "காடுதான்" என்றாள். "பகடைய உருட்டுங்க."

சண்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் ஜூட்சன் தோற்றான். கண்டிப் படை இரண்டு தடவை தன் ஆளையே சுட்டது. சாப்பாட்டு மணி அடித்தபோது மேசையில் கண்டிப் பக்கம் தளபதி மட்டும் நின்றான், காட்டுச் செடிக்குப் பின்னால். ஆனால் தோற்றவன் படையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். படையை மேசையில் ஏற்ற முடியாதவன்தான் பறிகொடுக்க வேண்டும். ஜீவராஜ் வெறும் பிஸ்கட் பெட்டியோடு பஸ் ஏறினான்.

லயத்துக்கு ஏறுகிற பாதையில், ஷிராணி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பச்சைத் துணுக்குகளை அவன் கையில் கொட்டினாள். நல்லமுத்தின் தலையில் விழுந்ததைக்கூடப் பொறுக்கியிருந்தாள்.

"நிறுத்துப் பாத்து ஒரு நாள் சம்பளம், முழுப்பேரு போடுங்க."

ஜூட்சன் உள்ளங்கையைத் தராசு மாதிரி மேலும் கீழும் ஆட்டினான். "ஈரத்துக்குக் கழிக்கணும், கூடைக்குக் கழிக்கணும், முத்தல் வேற கலந்திருக்கு... அரைப்பேருதான் வரும்."

படைப் பலகை அவன் தலைமேல் இருந்தது. அதனால் அவனால் ஓட முடியவில்லை. அவன் முதுகில் இரண்டு போட அவளுக்கு அது வசதியாகப் போயிற்று.