கணக்கு உரிமையாளர் கேமராவைப் பார்க்கவும்

இந்த நேரத்தில் குழுவில் எழுதுவதற்கு எல்லாரும் மன்னிக்க வேண்டும். என் செய்தியின் சத்தத்தில் யார் வீட்டிலாவது பிள்ளை எழுந்திருந்தால் அதற்கும் சேர்த்து மன்னிப்பு. யஷ்வினி இப்போதுதான் தூங்கினாள். பகலில் எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் போவதில்லை. ஈஸ்வரி அக்காவைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும். இந்தக் குழுவில் பாதிப் பேர் அவரைக் கோயில் மைக்கில் கேட்டவர்கள். மீதிப் பேர் தங்கள் பிள்ளையின் போனில் கேட்டவர்கள். தெலுக் இந்தானில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் குணா அண்ணனும் இதில் இருக்கிறார். அவர் அக்காவின் கூடப் பிறந்த அண்ணன். அக்காவுக்குப் பெற்றோர் இல்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இருந்த சொந்தம் அண்ணன் ஒருவர்தான்.

செய்தி வந்த விதத்தைச் சொல்கிறேன். நானும் அக்காவும் செய்த செயலியை விற்பதற்கான கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. நான் அதைத் திறந்தால் அவர் போனுக்கு ஓர் எண் போகும், அவர் எனக்கு அனுப்புவார். அன்று காலையும் "அக்கா, நம்பர் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பதில் வந்தது. "தங்கச்சி, நான் குணா. ஈஸ்வரி விடியக்காலையில மாரடைப்புல இறந்துட்டா. பெரிய ஆஸ்பத்திரியில இருக்கோம். நீங்க கேட்ட நம்பர் இதுதானான்னு பாருங்க." அதற்குக் கீழே எண் இருந்தது.

அந்த எண்ணைத் தட்டினேன். கணக்கு திறந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதிக் கஞ்சியை ஊட்டினேன். கிண்ணத்தைக் கழுவினேன். காய்ந்த துணியை மடித்தேன். அன்றைக்கு வராத அழுகை இன்றுவரை வரவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

அவரை நான் முதலில் பார்த்தது ஈப்போவில், கோயில் திருவிழாக் கூட்டத்தில். யஷ்வினிக்கு அப்போது மூன்று வயது. பேச்சு வரவில்லை. கையை விட்டு ஓடிவிட்டாள். பெயர் சொல்லத் தெரியாத பிள்ளையை யார் எப்படிக் கண்டுபிடித்துத் தருவார்கள் என்று நான் தேடி அலைந்துகொண்டிருந்தபோது மைக்கில் ஒரு குரல் வந்தது. "மஞ்சப் பாவாட, ஒரு கால்ல மட்டும் செருப்பு. என் மைக்க விடமாட்டேங்குது. யார் புள்ளலா இது? வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. வந்து அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்." ஓடிப்போய்ப் பார்த்தேன். யஷ்வினி அவர் மடியில் உட்கார்ந்து மைக்கை நக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பேச்சு வராது என்று சொன்னேன். "அதனால என்னா? நான் ஒருத்தி ஊருக்கே பேசறேன்ல" என்றார்.

அதன் பிறகு வந்ததுதான் இந்தச் செயலி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: படத்தை அமுக்கினால் போன் பேசும். சோற்றுப் படத்தைத் தொட்டால் "பசிக்குது" என்று கேட்கும். இப்படி வெளியூர்க்காரர்கள் செய்ததெல்லாம் அப்போதும் இருந்தன. அதில் வந்த தமிழ், செய்தி வாசிக்கிற தமிழ். நம் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? நான் கல்லூரியில் கணினி படித்தவள், பிள்ளைக்காக வேலையை விட்டிருந்தேன். செயலியை நான் எழுதினேன், அக்கா பேசினார்.

பதிவு செய்ய ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போவோம். இப்போது முழுக்கச் செம்பனை, ஆள் நடமாட்டம் இருக்காது. காரின் கண்ணாடியை ஏற்றி, ஏர்கானை அடைத்து, வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்போம். முதல் நாள் நான் தயவுசெய்து, நன்றி, வணக்கம் என்று ஆரம்பித்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னா கவி, கோயில் கமிட்டி கூட்டமா இது? புள்ளைக்கு மொதல்ல வேணாம்னு சொல்லத் தெரியணும்லா. வாய் உள்ளது கத்தும். இதுங்க என்னா செய்யும்? யாராச்சும் கன்னத்தக் கிள்ளுனா வாங்கிக்கிட்டு நிக்குமா?"

அதனால் முதலில் பதிவானவை வேணாம், பிடிக்கல, வலிக்குது, விடு. செயலி முடிந்து யஷ்வினி முதன்முதலில் "வேணாம்" அமுக்கியது என்னிடம்தான், நான் குளிக்கக் கூப்பிட்டபோது. அக்காவின் குரலில் அப்படி ஓர் அதட்டல். உடனே அவருக்குப் போன் போட்டேன். "அலாமாக், இனிமே ஒனக்குக் கஷ்டகாலந்தான்" என்று சிரித்தார்.

இலவசமாகக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். நானும் கேட்டேன். "சும்மா குடுத்தா நடுவுல விளம்பரம் போடுவான். புள்ள தண்ணி கேக்கறப்போ செருப்புக் கட விளம்பரம் ஓடணுமா?" என்றார். ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோற்றின் விலை வைத்தால் போதும் என்று முடிவானது. விற்பதற்குக் கணக்கு வேண்டும், கணக்குக்குப் பதிவு செய்த வியாபாரம் வேண்டும். என்னிடம் ஒன்றுமில்லை. அக்கா தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு விற்பதைப் பதிவு செய்து வைத்திருந்தார். "அதுலயே போடு" என்றார். போட்டேன்.

கட்டணம் வாங்கித் தரும் நிறுவனத்திலிருந்து ஒரு மலாய்ப் பெண் கூப்பிட்டாள். பதிவில் முறுக்கு இருக்கிறது, விற்பது செயலி என்கிறீர்கள், எது சரி என்று குழம்பிப்போனாள். "காக், இனி கெரெப்பேக்கா, ஆப்பா?" அக்கா, இது முறுக்கா, ஆப்பா என்று கேட்டாள். அக்கா அசரவில்லை. "டுவா-டுவா லா, டிக்." இரண்டும்தான் தங்கச்சி. அந்தப் பெண் சிரித்துவிட்டு, பதிவில் இன்னொரு தொழிலையும் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னாள்.

சேர்த்துக்கொண்டு போனோம். அடுத்தது பெயர். நம் அடையாளக் கார்டில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் இன்னாரின் மகள் என்று சுருக்கமாக ஒரு சாய்கோடு போட்டிருக்குமே, அந்தக் கோட்டைக் கணக்குப் பக்கம் ஏற்கவே இல்லை. குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டோம். அன்றிலிருந்து கடிதமெல்லாம் "அன்புள்ள திரு மணியம்" என்றுதான் வரும். "எங்கப்பா உசுரோட இருந்தப்ப ஒரு கட கூட வச்சதில்ல. இப்ப பாரு, டவுக்கே ஆயிட்டாரு, ஆப் மொதலாளி" என்று அக்கா ஆளுக்கு ஆள் காட்டுவார்.

கடைசியாக முகம். கணக்கு உரிமையாளர் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும், இடமும் வலமும் திரும்ப வேண்டும். அக்கா பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து வந்து நின்றார். பார்ப்பது மனிதர் இல்லை அக்கா, இயந்திரம் என்றேன். "எதுவா இருந்தா என்னா? என்ன மொதல்ல பாக்கப்போவுது. நைட்டியோடயா நிக்கச் சொல்ற?"

சாவு வீட்டில் நடந்தது உங்களில் பலர் பார்த்தது. உறுமிக்காரர்கள் தண்ணீர் குடிக்க நிறுத்தியிருந்தார்கள். யஷ்வினி என் மடியில் போனோடு இருந்தாள். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை, நான் கவனிக்கவில்லை. அவள் படத்தை அமுக்கினாள். "பசிக்குது" என்று அக்காவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் அக்கா கிடந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். குணா அண்ணன் வந்து போனை வாங்கினார். சத்தத்தை அடைக்கப் பார்த்தார். அவர் விரல் படத்தில் பட்டு "தூக்கம் வருது" என்றது. இன்னொன்றில் பட்டு "விடு" என்றது. போனை என்னிடம் நீட்டினார். "அடைச்சிடுங்க தங்கச்சி." அடைத்தேன். யாரோ பிள்ளைக்கு ரொட்டி கொடுத்தார்கள்.

பதினாறாம் நாள் முடிந்து வீட்டுக்கு வந்து கணக்கைத் திறந்தேன். மறுபடி முகம் கேட்டது. கணக்கு உரிமையாளர் கேமராவைப் பார்க்கவும் என்று ஒரு வட்டம். வட்டத்துக்குள் என் முகம் தெரிந்தது. மூடிவிட்டேன். செயலிக் கடை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதினேன். "அன்புள்ள திரு மணியம், கணக்கு உரிமையாளரின் மறைவுக்கு வருந்துகிறோம்" என்று பதில் வந்தது. இந்த மாதம் முடிவதற்குள் வாரிசு கையெழுத்துப் போட்டால் செயலியை, அதிலிருக்கும் குரலோடு, என் கணக்குக்கு மாற்றலாம். இல்லையென்றால் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். வாங்கியவர்களிடம் இருக்கும், போன் மாற்றும் வரைக்கும். யஷ்வினியின் போன் ஏற்கெனவே அடிக்கடி உறைந்து நிற்கிறது. புதிதாக விற்பதை இப்போதே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்; தைப்பிங்கிலிருந்து ஓர் அம்மா தன் மகனுக்கு வாங்க முடியவில்லை என்று தினமும் கேட்கிறார்.

குணா அண்ணனிடம் போனில் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை. "காசெல்லாம் நீங்களே வச்சிக்குங்க தங்கச்சி, அது பிரச்சினை இல்ல. ஆனா எங்கயோ ஒரு வீட்டுல, யாரோ ஒரு புள்ள அமுக்க அமுக்க, செத்துப்போனவ பேசிக்கிட்டே இருக்கணுமா? எனக்கு லோரி ஓட்டறப்பவும் அந்தச் சத்தந்தான் கேக்குது. அவள விட்டுடுங்களேன்." யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பேசவில்லை.

அண்ணே, நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் வேறு குரலை வைத்துவிடலாம் என்று முயன்று பார்த்தேன். நானே பேசிப் பதிந்து யஷ்வினியின் போனில் மட்டும் மாற்றினேன். அவள் சோற்றுப் படத்தை அமுக்கினாள். என் குரல் "பசிக்குது" என்றது. அவள் என் வாயைப் பார்த்தாள். போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பிறகு அதை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுவதும் அவள் எதுவும் கேட்கவில்லை, தண்ணீர்கூட. இரவில் பழையபடி மாற்றிக் கொடுத்தேன். வாங்கியதும் "அம்மா" என்று அமுக்கினாள்.

உங்களுக்கு அது தங்கச்சியின் குரல். என் மகளுக்கு அது அவளுடைய குரல். அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவது அந்தக் குரலில்தான், வேறு எதிலும் கூப்பிட்டதில்லை. இதைப் போனில் உங்களிடம் சொல்லத் தெரியவில்லை. அதனால் எல்லாருக்கும் நடுவில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். யாரும் அண்ணனை வற்புறுத்தி எழுதாதீர்கள், அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்று இருக்கிறது. பிள்ளை ஒரு படத்தை அமுக்கியதும் நான் எழுந்து ஓடுவேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைப்பார். "பொறு. ஒண்ணு அமுக்குனதும் நீயா முடிச்சிடாத. இன்னும் ஏதோ சொல்ல வருது." பொறுத்தால் யஷ்வினி இன்னொன்று அமுக்குவாள். தண்ணி. பிறகு, வேணாம். பிறகு, மைலோ. எனக்குப் பொறுமை கிடையாது, எதற்கும் பதறுகிறவள். ஆனாலும் இப்போதெல்லாம் அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது எனக்கு அக்கா விட்டுப்போனது.

மாதம் முடியப்போகிறது. எந்தப் பதிலாக இருந்தாலும் சரி. சீக்கிரம் பதில் போடுங்கள், அண்ணே.