ஒன்றேகால் மணித்தியாலப் பறப்பு

என் அண்ணனை எனக்குப் பிடிக்காது. அதைப் பூசி மெழுகி எழுத எனக்கு வராது.

அவன் லண்டனில் இருக்கிறான். அப்பா ஸ்கந்தபுரத்தில் என்னோடு இருக்கிறார். "பெரியவன் ஏன் வரேல்லை?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் நானே அவனுக்காக வக்காலத்து வாங்குவேன். லண்டனிலிருந்து கொழும்புக்குப் பதினொரு மணித்தியாலம் பறக்கவேண்டும், பிறகு வான் பிடித்து ரோட்டில் அரை நாள் குலுங்கவேண்டும் என்பேன். "பாவம், தூரமெல்லோ" என்று அப்பா உருகுவார். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. பக்கத்தில் இருந்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கி, காலுக்கு எண்ணெய் தேய்க்கிறவனை யார் பார்க்கிறார்கள்?

போன வருடம் வருகிறேன் என்றான். வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் முதல் வேலை வீட்டுக்குள், கதிரை மாதிரி இருந்து போகிற கொமட் பூட்டுவதுதான். பூட்டினோம். அவன் வரவில்லை. முழங்கால் மடங்காத அப்பா இன்னமும் வெளியே வளவுக்குள் இருக்கும் பழைய கக்கூசில் போய்க் குந்தி எழும்புகிறார். "அது பெரியவனுக்கு வைச்சது. புதுசாக் கிடக்கட்டும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வருடம் அண்ணி வட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டிருந்தா. சென்னையில் ஒரு பட்டுச்சேலைக் கடை. மகளின் கலியாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருக்கிறார்களாம். உடனே அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

"சென்னை வரைக்கும் வந்திட்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"சொல்லத்தான் இருந்தனான். இஞ்சயிருந்து பலாலி எயாப்போட்டுக்கு ஒண்டேகால் மணித்தியாலந்தானேடா. எப்பவும் ஏறி வரலாம்."

"அப்ப ஏறன்."

"சட்டையள் தைச்சு வரட்டும்."

வயிற்றெரிச்சலோடு நேரே அப்பாவிடம் போனேன். "உங்கடை பெரியவன் சென்னையிலை நிக்கிறான்."

"அது எவ்வளவு தூரம்?"

"ஆகாயத்தாலை நானூறு கிலோமீற்றர் வரும். ஒண்டேகால் மணித்தியாலம்."

"அட, பஸ்ஸிலை பளைக்குப் போற நேரந்தானே!"

அன்றே என்னைக் கொண்டு சவரம் செய்வித்தார். வெள்ளை வேட்டி கட்டி, கதிரையை முற்றத்தில் போடச்சொல்லி, வாசல் படலையைப் பார்த்தபடி இருந்தார். அடுத்த நாளும் இருந்தார். அந்தக் கிழமை முழுக்கச் சாப்பாட்டையும் அங்கேயே கேட்டார். பலாலியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ரோட்டால் எவ்வளவு நேரம் என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்து விசாரித்தார்.

பிறகு அண்ணன் போன் எடுத்தான். லண்டனிலிருந்து.

"லீவு முடிஞ்சு போச்சுடா. அடுத்த முறை கட்டாயம்."

"அவர் செத்தாப் பிறகு உனக்கு வழி தெரியும். அப்ப வந்து முன்னுக்கு நிண்டு கொள்ளி வை, நாயே" என்று கத்தினேன். அவன் போனை வைத்துவிட்டான்.

நான் கத்தியது முற்றத்துக்கும் கேட்டிருக்கும். இப்போதாவது அந்தப் பெரியவனை நாலு வார்த்தை திட்டுவார் என்று வெளியே போனேன். அப்பா என்னைத்தான் முறைத்துப் பார்த்தார்.

"அவன் லண்டனிலைதான் நிக்கிறான் எண்டு அண்டைக்கு நீ ஒரு பொய் சொல்லியிருக்கலாமெல்லோ" என்றார்.