அஞ்சலாட்சி பிறந்ததற்கு ஏழு சாட்சிகள்

நீங்கள் பிறந்தீர்கள் என்பதற்கு உங்களிடம் என்ன சான்று இருக்கிறது?

சிரிக்க வேண்டாம். கண்ணெதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேனே, இதைவிடச் சான்று வேறு வேண்டுமா என்றும் கேட்க வேண்டாம். 1937-ஆம் ஆண்டு தை மாதத்தில் புதுச்சேரி நெல்லித்தோப்பு முருகையனும் இதையேதான் கேட்டான்.

"எம் பொண்டாட்டி இதோ நிக்கிறாளே முசே, பொறக்காமலா வந்து நிக்கிறா?"

பிரெஞ்சு ஆட்சியில் 'முசே' என்றால் ஐயா. அந்த முசே, வசிப்புச் சீட்டு கொடுக்கும் அலுவலகத்தின் குமாஸ்தா தொமினிக், பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு அஞ்சலாட்சியை மேலும் கீழும் பார்த்தார்.

"நிக்கிறது தெரியுது. பொறந்தது தெரியலியே!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கள் முறை வரும்போது தங்களுக்கும் அதே கேள்வி காத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

முருகையன் ஓர் அச்சகத்தில் பதினான்கு வருஷமாக எழுத்துக் கோப்பவன். சட்டப் புத்தகம், ஏல அறிவிப்பு, தீர்ப்பு எல்லாம் பிரெஞ்சில் வரும். முருகையனுக்கு பிரெஞ்சு எழுத்துகள் தெரியும், பிரெஞ்சு தெரியாது. கையெழுத்துப் பிரதியைப் பார்ப்பான். விரல்கள் தாமாகப் போய் ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரும். பிழையில்லாமல் கோப்பவன் என்று பெயர் வாங்கியிருந்தான். பொருள் தெரிந்தவன் அவசரத்தில் அடுத்த சொல்லை ஊகித்துத் தப்புச் செய்வான். முருகையனுக்கு அந்த ஆபத்தே இல்லை.

அஞ்சலாட்சி நெல்லித்தோப்பில் சாக்குக் கடை வைத்திருந்தாள். அரிசி மண்டிகளிலிருந்து வரும் கிழிந்த கோணிகளைத் தைத்துக் கொடுப்பாள். பிறந்த ஊர் வளவனூருக்கு அந்தப் பக்கம் வேங்கைப்பட்டு. புதுச்சேரியிலிருந்து ஒரு காலை நடை. நடுவில் ஆறுமில்லை, மலையுமில்லை. ஒரு சுங்கச் சாவடியும் குறுக்கே ஒரு மூங்கிலும் மட்டும் உண்டு. அந்த மூங்கிலுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஊர், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஊர். எட்டு வருஷத்துக்கு முன் அதைத் தாண்டி வந்து முருகையனை மணந்தாள்.

அது புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம். மாலை மாற்றிக்கொண்டார்கள். நான்கு பேர் மூன்று மணி நேரம் பேசினார்கள். கணவனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று ஒருவர் மணமகளைக் கேட்டுக்கொண்டார். அஞ்சலாட்சி ஒரு வாரம் முயன்று பார்த்தாள், நாக்கு எழவில்லை. கடைசியில் "கம்பாசிட்டரே" என்று கூப்பிடத் தொடங்கி, அதுவே நிலைத்துவிட்டது.

புரோகிதரை விலக்கியது சரி. ஆனால் பேசிய நான்கு பேரில் ஒருவருக்காவது, கால் மைல் தள்ளியிருந்த நகர மன்றத்துக்கு மணமக்களை நடத்திக் கொண்டுபோய்ப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கச் சொல்லத் தோன்றவில்லை. மந்திரம் வேண்டாம் என்று சொன்ன வாய், மனைவிக்குச் சட்டம் வேண்டும் என்று சொல்லாமல் விட்டது. தவறு சுயமரியாதைக்காரர்களான நம் பக்கத்திலும் இருந்தது. அதற்கான விலையை மணமகள்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

முந்தின வருஷம் ஆலைகளில் ஏற்பட்ட கலவரத்துக்குப் பிறகு, மூங்கிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஆட்களைக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். வசிப்புச் சீட்டு இல்லாதவர்கள் அறுபது நாளில் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு தாள் அஞ்சலாட்சிக்கும் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டுதான் இருவரும் தொமினிக்கின் மேசைக்கு வந்திருந்தார்கள்.

இந்த ஊர்க்காரனின் மனைவி என்றால் சீட்டு உண்டு. மனைவி என்பதற்குத் திருமணப் பதிவு வேண்டும். திருமணத்தை இப்போது பதிய வேண்டுமானால் பிறப்புப் பதிவு வேண்டும். அது இல்லையென்றால், நீதிபதி முன் ஏழு சாட்சிகள் வந்து அவள் இன்ன ஊரில் இன்ன காலத்தில் பிறந்தவள் என்று உறுதி சொல்ல வேண்டும்.

"ஏழும் ஆம்பளைங்க. ஒவ்வொருத்தன் கையிலயும் வீட்டு வரி ரசீது இருக்கணும்" என்றார் தொமினிக்.

முருகையன் தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினான்.

"இத அச்சடிச்சது யாரு?"

"நான்தான்."

"நல்லா இருக்குது. நாளைக்கு ரூபா நோட்டு அச்சடிச்சிக் கொண்டாந்து ராஜாங்கம் கொடுத்துதுன்னு சொல்லு!"

அஞ்சலாட்சி மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்து ஏழு ரசீதுகளை மேசைமேல் வைத்தாள். அவள் கடைக்கு ஏழு வருஷமாகக் கட்டிய தொழில் வரி. ஒவ்வொன்றிலும் அரசாங்க முத்திரையோடு, 'முருகையன் மனைவி அஞ்சலாட்சி, நெல்லித்தோப்பு' என்று எழுதியிருந்தது.

"இது ஒங்க ஆளுங்க எழுதினதுதானே? பொண்டாட்டின்னு போட்டிருக்கு, இந்த ஊருன்னும் போட்டிருக்கு. அப்புறம் நான் யாருன்னு எங்கிட்டயே கேட்டா?"

"அது வரிக்காரங்க எழுதினது. எதிர் அறை. அவங்க வேற, நாங்க வேற."

"பணம் வாங்கறப்ப மட்டும் நான் பொண்டாட்டியா?"

தொமினிக் ரசீதுகளை அவள் பக்கம் தள்ளினார். பிறகு, நினைவு வந்தவராக, "போறதா இருந்தாலும் இந்த வருஷத்து வரிய முழுசா கட்டிட்டுத்தான் போவணும்" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஓர் அரசாங்கத்தின் கொள்கையை யாரும் சொல்லிவிட முடியாது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அஞ்சலாட்சி சொன்னாள்: "வேங்கைப்பட்டுப் பொம்பளைங்க இங்க எத்தினி பேரு வாழ்க்கைப்பட்டு இருக்காங்க! நான் பொறந்தது அவங்களுக்குத்தான் தெரியும். அவங்களக் கூப்பிடலாமே?"

"பொம்பள சாட்சி செல்லாது. கேட்டேல்ல?"

"அவரு எழுதி வச்சதப் பாத்துச் சொன்னாரா, வாய்க்கு வந்ததச் சொன்னாரா?"

"ஆபீசுல இருக்கறவருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

சொன்ன பிறகு அந்த வார்த்தை அவனையே உறுத்தியது. மேடைகளுக்கு எதிரே உட்கார்ந்து பெண் விடுதலைக்குக் கைதட்டியவன் அவன். ஆனாலும் சாட்சி என்றதும் அவன் மனக்கண்ணில் ஏழு மீசைகள்தான் வரிசையாக நின்றன.

முதலில் கலியமூர்த்தியிடம் போனான். சொந்த வீடும் வரி ரசீதும் உள்ளவர். அவர்கள் திருமணத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கல்யாணத்துக்கு நான் சாட்சி, எங்க வேணாலும் சொல்றேன். பொறந்தப்ப நான் எங்கப்பா இருந்தேன்? பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். சாமிக்குப் பயந்து இல்ல, எனக்கே கூசுது" என்றார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேங்கைப்பட்டுக்கு நடந்தான். மணியக்காரர் பழைய பதிவேட்டைக் கூடத்தில் விரித்துப் போட்டார். அவள் பிறந்தது ஏரி உடைந்த வருஷம். உடைப்பில் செத்த மாடுகள் எத்தனை, அழிந்த நிலம் எத்தனை காணி என்று பக்கம் பக்கமாக இருந்தது. அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

"ஆம்பளப் புள்ளைனா அப்பன் ஞாபகமா வந்து எழுதிக்குவான். பொட்டப் புள்ளைக்கு யாருய்யா இவ்ளோ தூரம் வருவான்?" என்றார் மணியக்காரர். சாட்சிக்கு வரும்படி ஊர் ஆண்களைக் கேட்டான். தாலி கட்டிக்கொள்ளாமல் போனவளுக்காகத் தாங்கள் வண்டி கட்டுவதா என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

இருபத்தெட்டு நாள் மீதி இருந்தது. பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக முருகையன் கோத்த பக்கத்தில் பிழைகள் மொய்த்தன. அச்சகத்தில் பிழை திருத்தும் ஜூல், புரூப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தமிழர் அவர்.

"இன்னாய்யா இது? எழுத்தெல்லாம் குட்டிக்கரணம் போடுது!"

முருகையன் விஷயத்தைச் சொன்னான். ஜூல் கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து ஒரு சிறிய சட்டப் புத்தகத்தை உருவினார்.

"இதக் கோத்தது யாரு?"

"நான்தான் முசே. மூணு வருஷத்துக்கு முன்ன."

"அப்ப ஒனக்குத்தான் தெரியணும். இங்க வா." ஒரு பக்கத்தில் விரலை வைத்து, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்: "ஏழு சாட்சிங்க. ஆணோ பெண்ணோ. உறவோ, உறவு இல்லாதவங்களோ."

"வீட்டு வரி ரசீது?"

"அந்தப் பேச்சே இல்ல. பதினாலு வருஷமா சட்டத்த வெரல்ல வச்சிக்கினு சுத்தறே, அது இன்னா சொல்லுதுன்னு ஒரு நாளாவது யாரையாவது கேட்டியா?"

முருகையன் தன் விரல்களைப் பார்த்தான். ஈயக் கறுப்பு ஏறிய இந்த விரல்கள்தாம் அந்த வரியை எழுத்தெழுத்தாகப் பொறுக்கி வைத்தன. படிக்கத் தெரிந்த குமாஸ்தா அதைப் படிக்கவில்லை. கோத்தவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. ஒரு மக்களை ஆளும் சட்டத்தை அந்த மக்களுக்குத் தெரியாத மொழியில் வைத்துவிட்டால், கதவுக்குக் காவல் வேறு தேவையில்லை. வழியில் உட்கார்ந்திருப்பவன் சொல்வதே சட்டம்.

அன்று சாயங்காலம் சாக்குக் கடைக்குப் போய், "நீ சொன்னதுதான் சரி" என்றான். அஞ்சலாட்சி கோணி ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்திவிட்டு, தன்னைவிட மூத்த வேங்கைப்பட்டுப் பெண்களை ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். ஆண்கள் பிறந்த ஊரிலேயே இருந்துவிடுகிறார்கள். பெண்கள்தாம் யாரும் கேட்காமலே எல்லை தாண்டி அனுப்பப்படுகிறார்கள். எட்டுப் பேர் தேறினார்கள்.

அப்போதுதான் முருகையனுக்கு உறைத்தது. "அஞ்சலா, அவங்ககிட்டயும் சீட்டு இல்லியே. கோர்ட்டுல பேரு, தெரு எல்லாம் எழுதிக்குவாங்க."

"தெரியும். அதான் நானே போறேன். மறைக்காம சொல்லிட்டுக் கேக்கறேன்."

எட்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி வரவில்லை. அவளைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. மற்ற ஏழு பேரும் வந்தார்கள்.

ஏழு பெண்கள் வரிசையாக நுழைந்ததும் நீதிமன்ற எழுத்தர் கையை ஆட்டித் துரத்தப் பார்த்தார். முருகையன் அந்தப் புத்தகத்தைத் திறந்து, ஜூல் காட்டிய இடத்தில் விரலை வைத்து நீதிபதியிடம் நீட்டினான். பிரெஞ்சுக்கார நீதிபதி படித்தார், எழுத்தரை ஒரு பார்வை பார்த்தார், பெண்களை உட்காரச் சொன்னார்.

முதல் சாட்சி கருவடிக்குப்பம் அன்னக்கிளி. வயது நாற்பது, கணவன் கிணறு வெட்டுகிறவன்.

"இவள் பிறந்தது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"மருத்துவச்சியக் கூட்டியாற ஓடினதே நான்தான். எனக்குப் பன்னண்டு வயசு. ஏரி ஒடஞ்ச வருஷம், ஐப்பசி மாசம்."

"ஐப்பசிதானா? நிச்சயமா?"

"அன்னிக்கு எங்க வூட்டு ஆடு ரெண்டு தண்ணியில அடிச்சிக்கினு போச்சி தொரை. புள்ள பொறந்தத மறந்தாலும் ஆடு போனத மறப்பாங்களா?"

மொழிபெயர்ப்பாளர் சுருக்கிச் சொல்லப் பார்த்தார். நீதிபதி விடவில்லை, முழுவதையும் கேட்டுச் சிரித்தார். ஏழு பெண்களும் சொன்னது ஒன்றாகவே இருந்தது. ஏழு பெருவிரல்கள் மையில் தோய்ந்து தாளில் பதிந்தன.

அஞ்சலாட்சி இருபத்தெட்டு வயதில் சட்டப்படி பிறந்தாள். அடுத்த வாரங்களில் சட்டப்படி மனைவியும் ஆனாள். கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது தொமினிக் வசிப்புச் சீட்டை மேசைமேல் தள்ளினார். அவள் வாங்கிக்கொண்டு, எதிர் அறைக்குப் போய் அந்த வருஷத்துத் தொழில் வரியைக் கட்டினாள்.

இங்கே நிறுத்திவிட்டால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் சாட்சிகளின் பெயர்களும் தெருக்களும் அந்தத் தாளில் இருந்தன. பங்குனிக் கடைசியில் அன்னக்கிளிக்கு அறுபது நாள் கெடு வந்தது. மற்றவர்களுக்கும் வரும். செய்தி கேட்டு அஞ்சலாட்சி கருவடிக்குப்பத்துக்கு ஓடினாள்.

"அக்கா, எனக்காக வந்துதானே ஒனக்கு இந்தக் கதி! நான் வந்து சாட்சி சொல்றேன்."

"நீ இன்னாத்தச் சொல்லுவே? நான் பொறந்தப்ப நீ எங்கடி இருந்தே?" என்று அன்னக்கிளி சிரித்தாள். "கெழவிங்களா பாத்துப் புடி, போ."

உண்மைதான். கடன்பட்டவளால் அந்தக் கடனைத் தீர்க்க முடியாது. அன்னக்கிளியைவிட மூத்தவர்கள்தாம் வேண்டும். அஞ்சலாட்சி கடையை மூடிவிட்டுத் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். இதுவரை மூன்று பேர் கிடைத்திருக்கிறார்கள். இன்னும் நான்கு பேர் வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலோ, அடுக்களையிலோ, அடுத்த தெருவிலோ, வேங்கைப்பட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட ஐம்பது வயது கடந்த பெண் ஒருவர் இருப்பார். மாட்டுக் கோமாரி வந்து அந்த ஊர்த் தொழுவங்கள் காலியான வருஷத்தில், கிணறு வெட்டுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்ட அன்னக்கிளி பிறந்தது நினைவிருக்கிறதா என்று இன்றே அவரைக் கேளுங்கள். நினைவிருந்தால், வைகாசி பிறப்பதற்குள் அவரை நெல்லித்தோப்புச் சாக்குக் கடைக்கு அழைத்து வாருங்கள். உங்களிடம் வசிப்புச் சீட்டு இருந்தால், நீங்களும் கூடவே வந்து அவர் பக்கத்தில் நில்லுங்கள்.