பிச்சைக்கனியின் நெஞ்சுத் துள்ளல்

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடுவதுதான் பிச்சைக்கனியின் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களை ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆட்டோ ஹாரனுக்கு மேலே குரல் போக வேண்டும், ஆனால் அதட்டுகிற மாதிரி இருக்கக் கூடாது. "வா சேச்சி, சும்மா கேறி நோக்கு, எடுக்கணும்னு கட்டாயம் ஒண்ணுமில்ல" என்று, அக்காவை ஏறிப் பார்க்கச் சொல்லி, பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக அவன் இழுத்தால், வெங்காயம் வாங்க வந்தவள்கூட ஒரு படி ஏறிவிடுவாள். மீசை முளைக்காத வயதில் வள்ளியூரிலிருந்து மலையாள மண்ணுக்கு வந்தவன். இப்போது தலை பாதி நரைத்தாயிற்று, குரல் அப்படியே இருக்கிறது. அந்தக் கர்வம் அவனுக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

குரலுக்குக் காவல் அதிமதுரம். விரல் நீளத்துக்கு ஒரு வேர்த்துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சாற்றை மெல்ல இறக்குவான். அந்தத் தெருவில் வாசல் நிற்கிற ஆட்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். வெற்றிலை போட்டால் துணியில் தெறிக்கும், ஏச்சு விழும். வேருக்கு அந்த வம்பு கிடையாது. எதிர்வரிசையில் ஒரு புதுக்கடை வந்து வாசலில் ஒலிபெருக்கி கட்டியதிலிருந்து பிச்சைக்கனி இன்னும் உரக்கக் கத்த வேண்டியிருந்தது. கன்னம் காலியாக இருக்கிற நேரமே இல்லாமல் போயிற்று.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் அது. சீருடை வாங்க வந்த கூட்டத்தைப் பார்த்து வாயைத் திறந்தவனுக்கு நெஞ்சு ஒரு அடியை விழுங்கிவிட்டு அடுத்த அடியைத் தூக்கிப் போட்டது. மாடிப்படி இல்லாத இடத்தில் காலை வைத்தது போலிருந்தது. சரி, வாயுவாக இருக்கும் என்று ஏப்பம் விட்டுப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் அது கூட்டமாக வர ஆரம்பித்தது.

மணக்காட்டில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எக்டோபிக், அதாவது முறை தவறி நடுவில் வருகிற துடிப்பு, பலருக்கும் வருவது, பயப்படாதே, டீயைக் குறை, எது கிளப்பிவிடுகிறது என்று நீயே கவனி, குறையாவிட்டால் ஒரு வாரத்தில் திரும்பி வா என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். பயப்படாதே என்று சொல்ல அவருக்கென்ன? பிச்சைக்கனியின் அப்பா வாழைத்தோப்பில் மண்வெட்டியை ஊன்றி நின்றபடியே சாய்ந்தவர். தனக்கும் அந்தச் சாவுதான் என்று இவன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். திரும்பிப் போனால் அதை வாயால் சொல்லிவிடுவார்களோ என்று கிளினிக் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

கடையில் மூச்சு விடவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. இளைய முதலாளி வெங்கிடேஷ் ஒரு வருஷமாகவே, அண்ணாச்சி குரலை ஒரு தடவை ரெக்கார்டு பண்ணிவிட்டால் அண்ணாச்சி நிழலில் உட்காரலாமே என்று தேனொழுகச் சொல்லிக்கொண்டிருந்தான். பிச்சைக்கனி பிடிகொடுக்கவில்லை. குரல் பெட்டிக்குள் போய்விட்டால் ஆள் எதற்கு? ஓணம் வருகிறது. ஓணத்துக்கு வாசலில் நின்று கூப்பிட முடியவில்லையென்றால் அதன்பிறகு அந்த வாசல் அவனுடையதில்லை.

ஆகவே துப்புத் துலக்க இறங்கினான். முதலில் டீயை விட்டான். தலைவலி வந்ததுதான் மிச்சம். டீயோடு தின்கிற பழம்பொரியை விட்டான். இடதுபக்கம் படுத்தால் அதிகம் துள்ளுகிறது என்று வலதுபக்கம் திரும்பினான். அங்கேயும் துள்ளியது. டி.வி. செய்தியில் கத்துகிறார்களே, அதனால் இருக்கும் என்று அதை அணைத்தான். மனைவியோடு சண்டை போடுவதைக்கூட நிறுத்தினான். அவள் பயந்தே போனாள். உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான், நடந்தால் நின்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். சோற்றுக் கையோடு நாடி பார்க்கிற புருஷனை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள்?

மனைவி பொன்செல்வி செய்ததெல்லாம் இதுதான். டீக்குப் பதில் சூடாக ஏதாவது வேண்டுமே என்று அதிமதுரத்தைத் தட்டிப் போட்டுக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தாள். குடலுக்குக் குளிர்ச்சி, குரலுக்கும் நல்லது. காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர், கடைக்குப் பாட்டிலில் தனியாக. துள்ளல் கூடக்கூட அவள் கஷாயத்தைக் கூட்டினாள். பாவம், அதில் அவளுடைய அன்பு முழுக்க இருந்தது. ஆனால் நெஞ்சில் கைவைத்துப் பார் என்று அவன் கெஞ்சும்போது மட்டும் மாட்டேன் என்று விலகிப் போய்விடுவாள். தன் கைக்கடியில் அது நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

ஆடி முடிகிற சமயத்தில் கால் ஓய்ந்து வந்தது. தொடையில் சதை இழுத்துப் பிடித்தது. ஒருநாள் "வா சேச்சி" என்று இழுத்தவன் பாதியிலேயே படியில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு கண்டபடி துள்ளிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்த வெங்கிடேஷ் எதுவும் கேட்காமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். பிச்சைக்கனிக்கு உயிர் போகிற பயம் ஒருபக்கம், வாசல் போகிற பயம் மறுபக்கம்.

அங்கே இருந்தவர் ஜெயஷீலா, நாகர்கோவில்கார டாக்டர். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். ரத்தத்தில் பொட்டாசியம் ரொம்பக் குறைவு, ரத்தக் கொதிப்பும் அதிகம், நெஞ்சு துள்ளாமல் என்ன செய்யும் என்றார். மூத்திரம் போகிற மாத்திரை சாப்பிடுகிறாயா, பேதி மருந்து, வாந்தி, குடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான் பிச்சைக்கனி. டீயைக்கூட விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னான். பொன்செல்வியும் ஆமாம் என்று சத்தியம் செய்தாள். சொல்லி முடிக்கும்போது அவனுக்குத் தொண்டை கரகரத்தது. பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கினான்.

"என்னது அது?" என்றார் டாக்டர்.

"அதிமதுரம் டாக்டரே. மருந்தொண்ணும் இல்ல, சும்மா வேரு." மரியாதைக்கு அவரிடமும் ஒரு துண்டை நீட்டினான்.

"இரட்டிமதுரமா?" என்று மலையாளப் பேரைச் சொன்னார் டாக்டர். "ஒரு நாளைக்கு எவ்வளவு?"

பிச்சைக்கனி யோசித்தான். மூச்சு எவ்வளவு விடுகிறாய் என்று கேட்டால் யார் சொல்ல முடியும்? பொன்செல்விதான் கஷாயத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்லவே டாக்டர் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது.

இருமலுக்குக் கொஞ்சம் எடுத்தால் பெரும்பாலும் பாதகமில்லை, இப்படி வருஷக்கணக்கில் தின்றால் அது உடம்பிலிருந்து பொட்டாசியத்தை உருவி வெளியே தள்ளும், உப்பைத் தங்க வைத்துக் கொதிப்பை ஏற்றும் என்றார் ஜெயஷீலா. படுக்கையில் போட்டு மருந்து ஏற்றினார்கள். இனிமேல் ஒரு துண்டுகூடத் தொடக்கூடாது, உடம்பு சரியாகச் சில வாரம் பிடிக்கும், அதற்குப் பிறகும் எப்போதாவது ஒரு துள்ளல் வந்தால் அலற வேண்டாம், மனசு கலங்கினாலும் வரும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பொன்செல்வி வேர் டப்பாவைக் குப்பையில் கவிழ்த்தாள். பிறகு அழுதாள். "நாந்தான் ஊத்தி ஊத்திக் குடுத்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைத்தெருவே தின்கிற வேர், உனக்கு எப்படித் தெரியும் என்று பிச்சைக்கனி தேற்றினான். அவனுக்கு அவள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. உயிர் பிழைத்த சந்தோஷத்தில் இருந்தான்.

துள்ளல் குறைந்தது. கால் ஊன்றி நடந்தது. ஓணக்கூட்டம் தொடங்கியபோது கன்னத்தில் வேர் இல்லாமல் வாசலில் நின்று வாயைத் திறந்தான். முதல்நாள் மத்தியானம் குரல் கரகரத்தது, மறுநாள் காற்றுதான் வந்தது. வெந்நீர் குடித்தான், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தான். எதிர்க்கடை ஒலிபெருக்கி சிரிக்காத குறை. கடைசியில் மானத்தை விட்டு அவனே வெங்கிடேஷிடம் போய், ரெக்கார்டு பண்ணிக்கொள்ளுங்கள் என்றான்.

வெங்கிடேஷ் கெட்டவனில்லை. "இந்தக் குரல எடுத்து என்ன செய்ய அண்ணாச்சி? நான் கேட்டப்பவே தந்திருக்கலாம்" என்றான்.

துணி கிழிக்கிற மேஜைக்கு அவனை மாற்றினார்கள். விற்பனைப் பெண் ஸ்நேகாவிடம் ஒரு மைக்கைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். பிச்சைக்கனி மீட்டர் கோலை வைத்து ரவிக்கைத் துணியை அளந்துகொண்டிருந்தான். வாசலிலிருந்து, "வா சேச்சி, சும்மா கேறி நோக்கு" என்று வந்தது. அவன் இழுக்கிற அதே இடத்தில் இழுத்தாள். நெஞ்சு எகிறிக் குதித்தது. பல நாளைக்குப் பிறகு வந்த துள்ளல். கத்தரிக்கோலை வைத்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருந்தான். வரவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

"இன்னைக்கு ஒண்ணு வந்துச்சு."

பொன்செல்வி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "என்ன தின்னீங்க? மறைக்காமச் சொல்லுங்க."

"ஒண்ணும் திங்கல. அந்தப் பிள்ள கூப்பிட்டா. நல்லாத்தான் கூப்பிட்டா."

அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை நாள் மாட்டேன் என்றவள், சட்டைக்கு மேலே கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது.