நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு எட்டு நாள்: வெம்பக்கோட்டையிலிருந்து விருதுநகருக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்

வெம்பக்கோட்டையிலிருந்து விருதுநகருக்கு சிவகாசி வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும். எனக்கு ஒரு சனிக்கிழமை காலை தொடங்கி அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வரை ஆயிற்று. இதே மாதிரிப் பயணம் போக நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அப்படி யாராவது இருந்தால் முதலில் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவள். வீட்டுக்காரர் சாமுவேல் விருதுநகரில் நர்ஸ். எனக்குப் பழைய வண்டிகள் மேல் பைத்தியம். அவருக்குச் சேமிப்பு மேல். வெம்பக்கோட்டையில் பாக்கியம் அக்காவின் ஷெட்டில் ஐம்பது வருஷத்துக்கு மேல் வயதான ஓர் இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் கிடப்பதாக ஒரு பழைய மாணவி சொன்னாள். இரண்டே சீட், கூரை கிடையாது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், அந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். அக்காவின் கணவர் தீப்பெட்டி லேபிள் அச்சகம் வைத்திருந்தவர். அவர் இறந்ததிலிருந்து வண்டி அசையவில்லை.

விலை 60,000 ரூபாய். ஆனால் அக்கா ஒரு நிபந்தனை போட்டார். "லாரில ஏத்துனா இரும்புக் கடைக்குப் போகுதுன்னு ஊரே பேசும். அவுக வண்டி ஓடித்தான் இந்த ஊர விட்டுப் போகணும். ஓடலைன்னா காசத் திருப்பித் தாரேன், வண்டி இங்கனயே கெடக்கட்டும்."

இங்கிலாந்து கார் பார்க்கும் மெக்கானிக் நம் பக்கம் இல்லை. கிடைத்தவர் சிவகாசி கனகராஜ் அண்ணன். அச்சு மிஷின் மெக்கானிக். நாற்பது வருஷத்து மிஷினைக்கூட 'புதுசு' என்பார். நாலு வார இறுதிகள் ஷெட்டிலேயே வேலை நடந்தது. சாமுவேல் ஸ்டெதஸ்கோப்பை எஞ்சின் மேல் வைத்து, "மூணாவது சிலிண்டர் வீக்கா இருக்கு" என்று வார்டு ரவுண்ட்ஸ் மாதிரிச் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. வண்டியின் தரை துருப்பிடித்து ஓட்டையாக இருந்ததால், அச்சடிக்கிற அலுமினியத் தகடான ஆஃப்செட் பிளேட்டை வெட்டி அடித்தோம். பழைய பிளேட் சிவகாசியில் எடைக்குக் கிடைக்கும். எங்களுடையது ஏதோ பட்டாசுப் பெட்டி அச்சடித்தது. என் காலடியில் 'தள்ளி நின்று வெடிக்கவும்' என்று இருந்தது.

இனி என் சாமர்த்தியம். எஞ்சினும் புகைக்குழாயும் சேருகிற இடத்தில் இடைவெளியை அடைக்கிற கேஸ்கட் போய்விட்டது. செம்புத் தகடு வைத்தது சென்னையிலிருந்து வர 1,850 ரூபாய், நாலு நாள். நானோ காலண்டர் அட்டையில் வெட்டலாம் என்றேன். சிவகாசியில் காலண்டர் அட்டைக்கா பஞ்சம்?

"டீச்சர், அந்த எடம் கொதிக்கும்" என்றார் அண்ணன்.

"ரெண்டு அட்டையா வைங்கண்ணே" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சாமுவேலைப் பார்த்தார், வைத்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். ஷெட்டைக் காலி செய்யாவிட்டால் திங்கள்கிழமை வரும் லோடை இறக்க அக்காவுக்கு இடமில்லை. அவர் சூடம் காட்டினார், சாமுவேல் ஜெபம் பண்ணினார், வண்டி இரண்டையும் ஏற்றுக்கொண்டு கிளம்பிவிட்டது. மணிக்கு நாற்பதில் போனோம். தலைக்கு மேல் வெயில், முகத்தில் லாரிப் புழுதி, எனக்கு மகாராணி நினைப்பு.

அந்தச் சாலையில் பட்டாசு ஆலைகள் வரிசையாக வரும். கம்பி வேலிக்குள் தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள், அறைக்கு நாலு பக்கமும் வாசல், நடுவில் வேப்ப மரங்கள். ஓர் ஆலைக்கு நேரே ஆடுகள் குறுக்கே வந்தன. நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

டமார். ஒரு நொடி கழித்து இன்னொன்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே அது போயிற்று. வேலிக்குள் எல்லா அறைகளிலிருந்தும் ஆட்கள் வெறுங்காலோடு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். ஒருவர்கூடக் கத்தவில்லை. அறைகளுக்கு முதுகைக் காட்டி வேலியோரம் ஓடி, ஒரு மரத்தடியில் சேர்ந்து, ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கத்தில் எதிர்பாராத ஒரு சத்தம் கேட்டால் இப்படித்தான். தீபாவளிச் சத்தத்தைச் செய்கிறவர்களுக்கு வேலை நேரத்தில் ஒரு சத்தமும் ஆகாது. இதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். வண்டியில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். ஒரு வயதான அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமுவேல் நாடி பிடித்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே இருந்தார். "ஒண்ணுமில்லம்மா, படபடப்புதான்." போர்மேன் அறை அறையாகப் பார்த்துவிட்டு வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. எல்லோருக்கும் பீஸ் ரேட் கூலி. உட்கார்ந்த நேரத்துக்குக் காசில்லை.

செல்வராணி என்ற பெண் கேட்டுக்கு வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து வண்டித் தரையைப் படித்தார்.

"தள்ளி நின்று வெடிக்கவும். ஏம்மா, இதப் படிச்சுட்டுத்தான் ஓட்டுனீகளா?"

மரத்தடியில் முதல் சிரிப்பு அப்போதுதான் கேட்டது. நான் யாரென்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கூலிக்கு ஈடாகப் பணம் எடுத்தேன்.

"காசப் பைக்குள்ள வைங்க டீச்சர். இத இங்கன ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீக. எம்புட்டு தூரம்னாலும் நாங்க தள்ளி விடுதோம்."

பத்துப் பன்னிரண்டு பெண்கள் தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கில். உலகத்திலேயே மெதுவான ஸ்போர்ட்ஸ் கார், பின்னாலிருந்து "ஏலே, பிரேக்குல கால வச்சிருக்காகளா பாரு" என்ற சந்தேகத்தோடு ஒரு கிலோமீட்டர் தாண்டி டீக்கடை சேர்ந்தது. எல்லோருக்கும் டீ, வடை. அதை மறுக்கவில்லை.

கனகராஜ் அண்ணன் லோடு ஆட்டோவும் கயிறுமாக வந்தார். மூடியைத் திறந்தால் அட்டை இருந்த இடத்தில் கரி. அதன் வழியாகக் காற்று புகுந்து, எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் வெடித்திருக்கிறது. அண்ணன் அந்தக் கரியைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். ஏதாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை.

கட்டி இழுத்தால் நிபந்தனை போச்சு. "சொல்லாம விட்டா அக்காவுக்கு எப்படித் தெரியும்?" என்றேன் நான். சாமுவேல் அதற்குள் போன் போட்டுவிட்டார். நடந்ததைக் கேட்டதும் பாக்கியம் அக்கா வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

"எல்லாரும் வெளிய வந்துட்டாகளா?"

"வந்துட்டாங்கக்கா."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. அப்புறம்தான், "கயிறு கட்டிப் போனா அது ஓட்டம் இல்ல. பட்டறைக்கு இழுத்துப் போயி அட்டைய மாத்துங்க. அடுத்த சனிக்கிழம அந்தக் கேட்டு முன்னால சத்தமில்லாம ஓட்டிக் காட்டுங்க. நான் வந்து நிப்பேன். வெடிச்சுச்சுன்னா வண்டி எனக்கு" என்றார்.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு: தரைக்கு ஆஃப்செட் பிளேட் தாராளமாகப் போடலாம். சீட் தைக்கத் திருத்தங்கலில் 2,200 ரூபாய் ஆயிற்று, நல்ல வேலை. சூடாகிற இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். புது கேஸ்கட் போட்டபின் ஆலைகள் இல்லாத சாலையில் காலை எடுத்து எடுத்துச் சோதியுங்கள். நான் ஆமத்தூர் பக்கம் இரண்டு நாள் சாயங்காலம் சோதித்தேன். சத்தமே வரவில்லை, தூக்கமும் வரவில்லை. மொத்தச் செலவு, வண்டி விலை போக, 41,000. எண்ணெய் பரோட்டா தனிக் கணக்கு.

அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குப் போனேன். போர்மேனிடம் முன்பே சொல்லியிருந்ததால் எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நடுவில் பாக்கியம் அக்கா. தூரத்தில் என்னைப் பார்த்ததுமே இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார்கள். சாமுவேலும் அவர்களோடு நின்று காதைப் பொத்தியிருந்தார். நம்பிக்கை என்றால் இதுதான்.

கேட்டுக்கு நேரே வந்ததும் காலை எடுத்தேன். வண்டி உறுமலைக் குறைத்து, நல்ல பிள்ளையாக மெதுவானது. அவ்வளவுதான். ஒவ்வொரு விரலாகக் காதிலிருந்து இறங்கியது.

"என்ன டீச்சர், இம்புட்டுத்தானா? இதுக்கா தூக்குச்சட்டிய மூடி வச்சுட்டு வந்து நின்னோம்!" என்றார் செல்வராணி.

பாக்கியம் அக்கா கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சேலைத் தலைப்பைத் தலையோடு சுற்றிச் செருகிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டி என்னுடையது.

"அவுக ஒரு நாளும் விருதுநகர் வரைக்கும் கூட்டிப் போனதில்ல" என்றார். "ஓட்டுங்க டீச்சர். தம்பி பஸ்ஸுல வரட்டும்."